அந்தச் சொல்லுக்குத் தமிழ்

மேரியில் எனக்கு வேலை
பிரெஞ்சில் வருவதைத் தமிழில் சொல்வது.
வரி, ஏலம், காலரா,
மாட்டுவண்டிக்கு ராத்திரி விளக்கு.
அந்த மார்ச்சில் கப்பலிலிருந்து சலங்கில் இறங்கிய தபால் பையில்
ஓரம் நனைந்த தாள் ஒன்று.

நெல்லித்தோப்புக்கு நடந்தே போனேன்.
சவரிமுத்து தூர் எடுக்கப் போயிருந்தார்,
ஊசுட்டேரி வாய்க்காலுக்கு.
மகள் ராக்கினி தண்ணீர் கொடுத்தாள்.
என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.
குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

முழங்கால் சேற்றோடு அவர் வந்து நின்றதும் வாசித்தேன்.
படையணி எண்.
என் வாயில் நுழையாத ஓர் ஊர்.
பிறகு அந்தச் சொல்: த்ரான்ஷே.
அதற்கு என்னிடம் தமிழ் இல்லை.
அகழி என்றால் கோட்டை வேண்டும்.
பள்ளம் என்றால் தவறி விழுந்ததாகிவிடும்.
குழி என்று சொல்ல நாக்கு எழவில்லை.
வாய்க்கால் என்றேன்.
'உங்கள் மகன் வாய்க்காலில் இறந்துவிட்டான்.'

'அவனுக்கு நீச்சல் தெரியுமே' என்றார்.

தண்ணீருக்கு வெட்டியதில்லை அது என்றேன்.

'அப்ப எந்த வயலுக்குப் பாயுது?'

ராக்கினி உள்ளே போய்க் கடிதங்களை எடுத்துவந்தாள்.
மூன்று. எவனோ எழுதிக் கொடுத்தவை,
வேறெவனோ மையால் அடித்தவை.
இதுவரை யாரும் முழுசாகப் படித்துக் காட்டவில்லையாம்.

*அப்பா, இங்கேயும் வெட்டுகிற வேலைதான்.
மண்வெட்டிக்குப் பிடி குட்டை. நிமிரக் கூடாது.
நேராக வெட்டினால் சார்ஜன் திட்டுகிறார்,
பாம்பு மாதிரி வளைக்கச் சொல்கிறார்.
தண்ணீர் வந்தால் இறைத்து வெளியே ஊற்றுகிறோம்.
நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள்.*

*கால்விரல் இரண்டு கறுத்துப்போச்சு. வலி இல்லை.
எதிர்ப்பக்கத்து வாய்க்காலில் ஒருத்தன் ராவெல்லாம் இருமுகிறான்.
அது கேட்காத அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.*

மூன்றாவதில் மைதான். அடியில் மட்டும்
*ஆட்டை விற்க வேண்டாம்.*

ஆட்டை விற்றிருந்தார்கள்.

ஏப்ரலில் பென்ஷன் தாள் வந்தது.
பிறப்புச் சான்று கேட்டது.
பதிவேட்டைத் திறந்தேன்:
மதலைமுத்து, சவரிமுத்து மகன், ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஜூன்.
படைத்தாளில் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு.
கடைசி எட்டு என் கையெழுத்து.
மேல் சுழி கொஞ்சம் திறந்திருக்கும், எனக்குத் தெரியும்.

ஆள் சேர்த்த அன்று மேசைக்கு முன்னால் நின்று
'சொல்தா ஆகணும் ஐயா' என்றவன்
சம்பளம் எவ்வளவென்று இரண்டு தரம் கேட்டான்.
மீசை இல்லை. கழுத்தில் அந்தோணியார் மெடல்.
ஓலையில் சுற்றிய விரால் ஒன்றை
மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போனான்.
உயிரோடிருந்தது. சாயங்காலம் வரை
என் காலருகே ஓலை அசைந்துகொண்டிருந்தது.
குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது சட்டப்படி இரண்டு பேர்.
ஒருவன் பிறந்தான், சாகவில்லை.
இன்னொருவன் செத்தான், பிறக்கவே இல்லை.
இருவரும் ஒருவன்தான் என்று சொல்ல
நோத்தேர் முன்னால் இரண்டு சாட்சி வேண்டும்.
செத்ததற்கு யாரும் சாட்சி கேட்கவில்லை.

ஒரு சாட்சி, பிரசவம் பார்த்த கிழவி. கைநாட்டு.
மற்றவர் எழுதத் தெரிந்தவராய் இருக்க வேண்டும்.
சவரிமுத்து என்னைப் பார்த்தார்.
'அவனுக்கு இந்த ஊர்ல தெரிஞ்ச பெரிய மனுசன் நீங்கதான்.'

சிறு வயது முதல் இவனை அறிவேன் என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
எட்டு எதுவும் வரவில்லை அதில்.

வெளியே கடற்காற்று. கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம்.
'அந்த வாய்க்காலை மூடிட்டாங்களா,
இல்ல அப்படியே கெடக்குதா?'
தெரியாது என்றேன்.
'கரை கட்டாம விட்டா சரிஞ்சிடும்' என்றார்,
மண்வெட்டியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு.